ஆய்வு நிதித் தரவுத்தளத்தில் தேடுவது எப்படி? நம் சொல்லிலிருந்து அவர்கள் சொல்லுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"சார், நம்ம தலைப்புக்கு எங்கேயும் ஃபண்டிங் இல்லை." தண்டையார்ப்பேட்டைப் பக்கத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியின் நூலகத்தில் பணிபுரியும் நான், ஆய்வு நிதி தேடி வருகிறவர்களிடமிருந்து பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் வாக்கியம் இது. ஒருமுறை நானே அதை நம்பி, ஒரு மாணவியிடம் அப்படியே திருப்பிச் சொல்லியும் இருக்கிறேன். எண்ணூர் கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள், அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சேற்றில் மணிக்கணக்கில் நிற்பதால் அவர்களுக்கு உண்டாகும் தோல் பாதிப்பை ஆராய அவர் விரும்பினார். ஒரு தரவுத்தளத்தின் தேடல் பெட்டியில் எண்ணூர், ஃப்ளை ஆஷ், ஃபிஷர்விமன், ஸ்கின் ப்ராப்ளம் என்று நான்கையும் ஒரே வரியில் தட்டினோம். ஒரு பதிவுகூட வரவில்லை. சில வாரங்கள் கழித்து வேறொருவருக்காகத் தேடிக்கொண்டிருந்தபோது, அதே தரவுத்தளத்தில் 'கோல் ஆஷ்' என்று இட்டதும் நிலக்கரிச் சாம்பலையும் உடல்நலத்தையும் பற்றிய திட்டங்கள் வரிசையாக வந்து நின்றன. அதற்குள் அந்த மாணவி தலைப்பை மாற்றிக்கொண்டுவிட்டார்.

அவருக்கு அன்று சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். அவருடைய தலைப்பையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். தேடல் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். தரவுத்தளத்தில் இடும்போது அவற்றை ஆங்கில எழுத்தில்தான் இடவேண்டும்.

இயற்சொல்லும் பட்டியல்சொல்லும்

நாம் பேசும்போதும் எழுதும்போதும் தானாக வரும் சொல்லை இங்கே இயற்சொல் என்று குறிப்பிடுகிறேன். இலக்கணத்தில் இருந்து எடுத்த பெயர்தான். பொருளைச் சற்று நீட்டிக்கொண்டேன். 'ஹார்ட் அட்டாக்', 'கேன்சர்', 'ஃப்ளை ஆஷ்' ஆகியவை இயற்சொற்கள். தரவுத்தளத்தை நடத்துகிறவர்கள், ஒரு கருத்துக்கு இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துவோம் என்று முன்கூட்டியே முடிவுசெய்து வைத்திருக்கும் சொல்லைப் பட்டியல்சொல் என்கிறேன். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் மெஷ் எனப்படும் மருத்துவப் பொருள்தலைப்புப் பட்டியல் 1960 முதல் வெளிவருகிறது. அதில் ஹார்ட் அட்டாக்கின் இடத்தில் 'மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்' நிற்கிறது, கேன்சரின் இடத்தில் 'நியோப்ளாசம்ஸ்' நிற்கிறது, ஃப்ளை ஆஷின் இடத்தில் 'கோல் ஆஷ்' நிற்கிறது.

நம் நிகண்டுகள் ஒரு பொருளுக்குப் பல பெயர், ஒரு பெயருக்குப் பல பொருள் என்று தனித்தனியே தொகுத்து எதிர்கொண்ட அதே இரு சிக்கல்களைத்தான் இந்தப் பட்டியல்களும் எதிர்கொள்கின்றன. வேறுபாடு ஒன்று உண்டு. கடல், ஆழி, பரவை, பௌவம், முந்நீர் ஆகிய எல்லாவற்றையும் நிகண்டு சமமாக நிறுத்தும். கட்டுப்படுத்தப்பட்ட சொற்றொகுதி எனப்படும் இந்தப் பட்டியலோ அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மற்றவற்றின் எதிரே 'இதற்குப் பதில் அதைப் பார்' என்று எழுதிவிடும். பதிவுகளை வகைப்படுத்துகிறவர், அவர் மனிதரானாலும் கணினியானாலும், தேர்ந்தெடுத்த அந்த ஒரு சொல்லையே ஒட்டுகிறார். ஒட்டிய சொல்லைத் தேடினால், ஆய்வாளர் தம் ஆய்வுச் சுருக்கத்தில் வேறு எந்தச் சொல்லை எழுதியிருந்தாலும் பதிவு கிடைக்கும்.

தொடங்கும் முன்: எந்த வகைத் தரவுத்தளம்?

இரண்டு வகைகளைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, இனி விண்ணப்பிக்கக்கூடிய அழைப்புகளின் தொகுப்பு. அமெரிக்க அரசின் கிராண்ட்ஸ்.கவ் இவ்வகை. மற்றொன்று, ஏற்கெனவே நிதி வழங்கப்பட்ட திட்டங்களின் தொகுப்பு. அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் என்.ஐ.எச். ரிப்போர்ட்டர், ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்டிஸ், பிரிட்டனின் கேட்வே டு ரிசர்ச் ஆகியவை இவ்வகை. இங்கே பெயர் சொன்ன நான்குமே இலவசம். பிவட் போன்ற சந்தா தரவுத்தளங்கள் வசதியானவைதான் என்றாலும், எங்களைப் போன்ற கல்லூரிகளின் நூலக நிதியில் அவற்றுக்கு இடமிருப்பது அரிது.

அழைப்புகளைத்தானே தேடவேண்டும், முடிந்துபோன திட்டங்களைப் பார்த்து என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. என் அனுபவத்தில் வழங்கப்பட்ட திட்டங்களிலிருந்தே தொடங்கவேண்டும். நம் தலைப்பை ஒத்த வேலைக்கு யார் பணம் கொடுத்தார்கள், எந்தப் பிரிவின் கீழ் கொடுத்தார்கள், அதை எந்தச் சொற்களால் அழைத்தார்கள் ஆகிய மூன்றும் அங்கேதான் தெரியும். அந்த மூன்றும் கையில் இருந்தால் அழைப்புகளைத் தேடும் நேரம் பாதியாகக் குறையும்.

படி 1: தலைப்பை முகங்களாகப் பிரித்தல்

1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன், எந்தத் தலைப்பையும் ஐந்து முகங்களாகப் பிரிக்கலாம் என்று காட்டினார். மையமான ஆள் அல்லது பொருள், அதன் மூலப்பொருள் அல்லது பண்பு, நிகழும் செயல், இடம், காலம் ஆகியவை அந்த ஐந்து. அவர் இதை நூல்களை வகைப்படுத்துவதற்காக வகுத்தார். தேடுவதற்கும் இதைவிட நல்ல கருவியை நான் கண்டதில்லை.

ஒரு முழுத்தாளைக் குறுக்காக வைத்து ஐந்து பத்திகளாகக் கோடு கிழியுங்கள். எண்ணூர்த் தலைப்பில் முதல் பத்தியில் இறால் பிடிக்கும் பெண்கள், இரண்டாவதில் நிலக்கரிச் சாம்பல், மூன்றாவதில் தோல் பாதிப்பு, நான்காவதில் எண்ணூர் கழிமுகம் என்று எழுதுவோம். ஐந்தாவது பத்தி பெரும்பாலும் காலியாகவே இருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் பரவியதற்குப் பிந்தைய நிலையை ஆராய்வதானால் மட்டும் அதில் எழுத ஏதாவது இருக்கும்.

பிரித்த உடனேயே ஒன்று விளங்கும். நான்கு முகங்களையும் ஒரே தேடலில் திணித்ததுதான் அன்று நாங்கள் செய்த முதல் தவறு. உலகில் எந்த ஆய்வாளரும் நம் தலைப்பை நான்கு முகங்களோடும் அப்படியே எழுதி வைத்திருக்கமாட்டார். எந்த இரண்டு முகங்கள் சேர்ந்தால் ஆய்வின் உயிர் இருக்கிறதோ அவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளவேண்டும். இங்கே அவை சாம்பலும் தோல் பாதிப்பும். அல்லது சாம்பலும் மீனவரும். இடத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

படி 2: ஒவ்வொரு முகத்துக்கும் இயற்சொற்களைக் குவித்தல்

இந்தப் படிக்கு ஒரு முழுப் பிற்பகலை ஒதுக்குங்கள். முதலில் தமிழில் எழுதுங்கள்; பிறகு ஆங்கிலத்தில்; பிறகு அதே ஆங்கிலச் சொல்லை அமெரிக்கரும் பிரிட்டனில் உள்ளவரும் எப்படிச் சொல்வார்கள் என்று பாருங்கள். நாம் 'பிரான்' என்பதை அமெரிக்கர் 'ஷ்ரிம்ப்' என்பார். நம் அனீமியாவில் ஆங்கிலத்தில் ஓர் 'ஏ' கூடுதலாக இருக்கும். மெஷ் பட்டியலில் இருக்காது. காசிமேட்டில் மீன் தரம்பிரிக்கும் பெண்களின் இரத்தசோகை பற்றி முன்மொழிவு எழுதிய பேராசிரியை ஒருவர், இந்த ஓர் எழுத்தால் பாதிப் பதிவுகளை இழந்திருந்தார்.

எண்ணூர் விஷயத்தில் மிகவும் ஏமாற்றும் சொல் 'க்ரீக்'. நாம் எண்ணூர் க்ரீக் என்று சொல்லும்போது கடல்நீர் ஏறி இறங்கும் கழிமுகத்தைக் குறிக்கிறோம். அமெரிக்க ஆங்கிலத்தில் அதே சொல் சிற்றோடையைக் குறிக்கும். அமெரிக்கத் தரவுத்தளத்தில் அந்தச் சொல்லை இட்டால் மலையடிவார ஓடைகளும், க்ரீக் என்று பெயர் முடியும் ஊர்களும் வந்து குவியும். நமக்கு வேண்டியது 'எஸ்ச்சுவரி'; மெஷ் பட்டியலிலும் அதன் பன்மையே தலைப்பாக இருக்கிறது. அதேபோல் 'ஆஷ்' என்று மட்டும் இட்டால் ஆஷ் மரமும், ஆஷ் என்ற குடும்பப்பெயரும், அதே மூன்றெழுத்துகளால் ஆன நோய்ச் சுருக்கங்களும் வரும். 'பிளாண்ட்' என்று இட்டால் அனல்மின் நிலையத்தோடு தாவரவியலும் வரும். சாம்பலில் உள்ள பாதரசத்தைத் தேடி 'மெர்குரி' என்று இட்டால் புதன் கோளும் தலைகாட்டும். இவற்றைத் தனிச்சொல்லாக இடாமல் 'கோல் ஆஷ்', 'பவர் பிளாண்ட்' என்று இரட்டை மேற்கோளுக்குள் சொற்றொடராக இடவேண்டும்.

ஊர்ப்பெயர்களையும் விட்டுவிடாதீர்கள். கொசஸ்தலை ஆறு ஆங்கில ஆவணங்களில் கொசஸ்தலையார் என்றும், கொர்த்தலையார் என்றும், கொரட்டலையார் என்றும் வரும். 1996க்கு முந்தைய பதிவுகளில் சென்னை, மெட்ராஸ் என்றே இருக்கும். திருவொற்றியூரும் மாதவரமும் 2018இல்தான் சென்னை மாவட்டத்துக்குள் வந்தன; அதற்கு முன் எழுதப்பட்டவை அவற்றைத் திருவள்ளூர் மாவட்டம் என்றே குறிப்பிடும். அந்த மாவட்டத்தின் பெயரையும் ஆங்கிலத்தில் 'எச்' சேர்த்தும் சேர்க்காமலும் எழுதுவார்கள்.

படி 3: இயற்சொல்லால் முதல் தேடல்

பட்டியல்சொல் சிறந்தது என்றால் நேரே அதிலிருந்து தொடங்கலாமே என்று தோன்றும். ஆனால் பட்டியலில் எந்தச் சொல் இருக்கிறது என்பது நமக்கு இன்னும் தெரியாது. இயற்சொல்லால் செய்யும் முதல் தேடலின் நோக்கம் எல்லாவற்றையும் பிடிப்பதன்று. பொருத்தமான ஒரே ஒரு பதிவைப் பிடிப்பதுதான்.

இரண்டு முகங்களை எடுத்துக்கொண்டு, ஒரு முகத்தின் மாற்றுச்சொற்களை 'ஆர்' கொண்டு இணைத்து அடைப்புக்குறிக்குள் வையுங்கள். முகங்களை 'அண்ட்' கொண்டு இணையுங்கள். எங்கள் தலைப்புக்கு அது இப்படி வரும்:

("ஃப்ளை ஆஷ்" ஆர் "கோல் ஆஷ்") அண்ட் (ஸ்கின் ஆர் டெர்மடைட்டிஸ் ஆர் டெர்மல்)

அடைப்புக்குறியை விட்டுவிட்டால், எதை முதலில் இணைப்பது என்பதைத் தரவுத்தளமே முடிவுசெய்யும். அந்த முடிவு தரவுத்தளத்துக்குத் தரவுத்தளம் மாறும். 'நாட்' என்ற கட்டளையைத் தொடக்கநிலையில் தொடவே வேண்டாம். 'நாட் ட்ரீ' என்று மரத்தை விலக்கப்போய், சாம்பல் மேட்டில் மரம் நடும் நல்ல திட்டத்தையும் சேர்த்து விலக்கிவிடுவோம்.

சொல்லின் வாலை நறுக்கி நட்சத்திரக் குறி இடும் வசதி பல தரவுத்தளங்களில் உண்டு. 'ஃபிஷர்' என்று எழுதி நட்சத்திரம் இட்டால் மீனவர், மீனவ மக்கள், மீன்வளம் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் எல்லாம் ஒரே வீச்சில் வரும். கூடவே ஃபிஷர் என்ற புள்ளியியலாளரின் பெயரால் அமைந்த சோதனையைக் குறிப்பிடும் மருத்துவத் திட்டங்களும் வரும். இதனால் அந்தக் குறியை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. வரும் கூட்டத்தைக் கண்டு திகைக்காமல் இருந்தால் போதும்.

சொற்களைக் கோக்கத் தயங்குகிறவர்களுக்கு என்.ஐ.எச். ரிப்போர்ட்டரில் மேட்ச்மேக்கர் என்ற வசதி இருக்கிறது. 15,000 எழுத்துகள் வரை உங்கள் ஆய்வுச் சுருக்கத்தை அப்படியே ஒட்டினால், சொற்களின் ஒற்றுமையைக் கணித்து ஒத்த திட்டங்களைக் காட்டும்; அவற்றைக் கவனிக்கும் திட்ட அலுவலர்களின் பட்டியலையும் தரும். எண்ணூரைப் பற்றி நீட்டி முழக்கும் முதல் பத்தியை வெட்டிவிட்டு, ஆய்வு நோக்கத்தையும் முறையையும் மட்டும் ஒட்டினால் விளைவு நன்றாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

படி 4: ஒரு நல்ல பதிவை நிதானமாகப் படித்தல்

பெரும்பாலோர் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த பதிவுக்குத் தாவிவிடுகிறார்கள். இங்கேதான் நிற்கவேண்டும். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் நகரத்து அனல்மின் நிலையங்களுக்கு அருகில் வாழும் குழந்தைகளிடம் நிலக்கரிச் சாம்பலின் பாதிப்பை ஆராய்ந்த திட்டம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் நலவாழ்வு அறிவியல் நிறுவனம் அதற்கு நிதி அளித்தது. லூயிவிலுக்கும் எண்ணூரை அடுத்த அத்திப்பட்டுக்கும் என்ன தொடர்பு என்று அதைக் கடந்துபோய்விடுவார்கள். இடத்தையும் குழந்தைகளையும் நீக்கிப் பார்த்தால், மிஞ்சுவது நம் மாணவியின் கேள்விக்கு மிக நெருக்கமானது: சாம்பல் மேட்டுக்கு அருகில் வாழ்கிற உடலுக்கு என்ன நேர்கிறது?

இத்தகைய பதிவில் நான்கு இடங்களைப் பார்த்துக் குறித்துக்கொள்ளவேண்டும். முதலாவது, திட்டச் சொற்கள் என்ற பகுதி. ரிப்போர்ட்டரில் இது நீண்ட பட்டியலாக இருக்கும். இரண்டாவது, நிதி அளித்த நிறுவனத்தின் உட்பிரிவு. என்.ஐ.எச். என்பது 27 நிறுவனங்களும் மையங்களும் சேர்ந்த குடை. அதில் எந்தக் கதவு என்பதே முக்கியம். மூன்றாவது, நிதியின் வகைக்குறி. ஆர்01 என்பது முழு ஆய்வுத் திட்டம், ஆர்21 என்பது தொடக்கநிலை முயற்சி, டி43 என்பது வெளிநாட்டு ஆய்வாளர் பயிற்சி. நான்காவது, சுருக்கத்தில் ஆய்வாளர் தாமே பயன்படுத்திய சொற்றொடர்கள். இவை நம் இயற்சொல் குவியலுக்குத் திரும்பிப்போகும்.

திட்டச் சொற்களை ஒட்டுவது யார் என்பதையும் அறிந்திருப்பது நல்லது. ரிப்போர்ட்டரில் தலைப்பு, சுருக்கம், நோக்கங்கள் ஆகியவற்றைக் கணினி படித்து, ஒரு சொற்களஞ்சியத்தோடு ஒப்பிட்டு ஒட்டுகிறது. கார்டிஸ் தளத்தில் யூரோசைவாக் என்ற துறைப் பகுப்பு இருக்கிறது. இயல்மொழிச் செயலாக்கத்தின் உதவியோடு பாதி தானியங்கியாகவே அதுவும் ஒட்டப்படுகிறது. ஆகவே சுருக்கத்தில் போகிறபோக்கில் வந்த சொல்கூடப் பட்டியல்சொல்லாக ஒட்டப்பட்டிருக்கலாம். ஒட்டிய சொல்லை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாமல், இரண்டு மூன்று நல்ல பதிவுகளில் மீண்டும் மீண்டும் வரும் சொற்களையே நம்புங்கள்.

படி 5: பட்டியலுக்குள் ஏறி இறங்குதல்

மெஷ் பட்டியலை யார் வேண்டுமானாலும் இலவசமாகத் திறந்து பார்க்கலாம். நீங்கள் தேடும் நிதித் தரவுத்தளம் மெஷ்ஷைப் பயன்படுத்தாவிட்டாலும், சொல் கண்டுபிடிக்கும் கருவியாக அதைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள். மீன்வளம், வேளாண்மை சார்ந்த தலைப்புகளுக்கு ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் அக்ரோவாக் என்ற சொற்களஞ்சியம் அதே வேலையைச் செய்யும்.

'ஸ்கின் ப்ராப்ளம்' என்று மாணவி சொன்னதை எடுத்துக்கொள்வோம். மெஷ்ஷில் தோல் நோய்கள் என்ற பெருந்தலைப்பின் கீழ் இறங்கிக்கொண்டே போனால் தோல் அழற்சி வரும். அதன் கீழ் தொடுகையால் வரும் அழற்சி. அதன் கீழ் 'டெர்மடைட்டிஸ், ஆக்குபேஷனல்', அதாவது தொழில்வழி வரும் தோல் அழற்சி. மாணவியின் ஆய்வுக்கு அச்சுக்கோத்தாற்போல் பொருந்தும் சொல் இது. சொல்வரிசை தலைகீழாக இருப்பதைக் கவனியுங்கள். பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோயும் 'ட்யூபர்குளோசிஸ், மல்ட்டிட்ரக்-ரெசிஸ்டன்ட்' என்றே நிற்கிறது. முதன்மைப் பொருளை முன்னே வைக்கும் பழைய அட்டைப்பட்டியல் காலத்து வழக்கம் அது. இதே தொழில்வழித் தோல் அழற்சி, தொழில்வழி நோய்கள் என்ற வேறொரு கிளையின் கீழும் இருக்கிறது. அந்தக் கிளையில் ஏறிப் பார்த்தபோதுதான், இதைத் தோல் மருத்துவ ஆய்வாக அல்லாமல் தொழிலாளர் நலவாழ்வு ஆய்வாகவும் முன்வைக்கலாம் என்பது எங்களுக்கு உறைத்தது. மீன்பிடிப் பெண்களைத் தொழிலாளர் என்ற கண்ணோடு பார்க்கும் நிதியாளர்கள் வேறு. அவர்களுடைய அழைப்புகள் வேறு.

ஏறி இறங்கும்போது ஒரு விதியை நினைவில் வையுங்கள். வகைப்படுத்துகிறவர் பொதுவாக மிகக் குறிப்பான சொல்லையே ஒட்டுவார். அதற்கு மேலேயுள்ள பொதுச்சொல்லைச் சேர்த்து ஒட்டமாட்டார். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் போன்ற சில தளங்களில் மேலேயுள்ள சொல்லைத் தேடினால் கீழேயுள்ளவை தாமே சேர்ந்து வரும். வேறு பல தளங்களில் வராது. உங்கள் தளம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. மேற்சொல்லைத் தனியாகத் தேடி எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மேற்சொல்லையும் கீழ்ச்சொல்லையும் 'ஆர்' இட்டுச் சேர்த்துத் தேடுங்கள். எண்ணிக்கை ஏறினால் கீழ்ச்சொற்களைக் கையால் சேர்க்கவேண்டிய தளம் அது.

எண்ணெய்க் கசிவைத் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: மெஷ்ஷில் அதற்கான தலைப்பு 'பெட்ரோலியம் பொல்யூஷன்'.

படி 6: இரண்டையும் சேர்த்துத் தேடுதல்

இப்போது ஒவ்வொரு முகத்திலும் பட்டியல்சொல்லையும் இயற்சொற்களையும் 'ஆர்' இட்டு ஒன்றாக்குங்கள். பட்டியல்சொல்லைத் திட்டச் சொற்கள் என்ற புலத்தில் மட்டும் தேடும்படியும், இயற்சொல்லைத் தலைப்பிலும் சுருக்கத்திலும் தேடும்படியும் அமைக்க முடிந்தால் அப்படியே செய்யுங்கள்; ரிப்போர்ட்டரில் இந்தப் பிரிவினை உண்டு. பட்டியல்சொல்லை மட்டும் நம்பினால் சமீபத்தில் சேர்ந்த பதிவுகளையும் புதிய கருத்துகளையும் தவறவிடுவோம். இயற்சொல்லை மட்டும் நம்பினால் ஆய்வாளர் வேறு சொல் எழுதிய பதிவுகள் போய்விடும்.

இடத்தைச் சேர்க்கும் இடமும் இதுவே. இதில் ஒரு பொறி இருக்கிறது. ரிப்போர்ட்டரில் நாடு என்ற வடிகட்டி, நிதி பெற்ற நிறுவனம் இருக்கும் நாட்டைக் குறிக்கிறது. ஆய்வு நடக்கும் நாட்டை அன்று. சென்னையில் களப்பணி நடந்தாலும் நிதி ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தால், இந்தியா என்று வடிகட்டும்போது அந்தத் திட்டம் மறைந்துவிடும். வடிகட்டியைத் தொடாமல், சென்னை, மெட்ராஸ், தமிழ்நாடு ஆகியவற்றை உரைச்சொற்களாகத் தேடுங்கள். தமிழ்நாட்டைப் பிரித்தும் சேர்த்தும் எழுதிப் பாருங்கள். ஸ்டான்லி மருத்துவமனைப் பக்கத்திலிருந்து வரும் இளம் மருத்துவர்களுக்கு இதைக் காட்டியதும், நம் ஊரிலேயே நடந்த ஆய்வுகளை அயல்நாட்டுப் பதிவுகளில் கண்டு வியந்துபோகிறார்கள்.

படி 7: பட்டியலில் இல்லாத சொல்

எல்லாச் சொல்லும் பட்டியலில் இருக்காது. 2020இல் உலகமே ஒரே நோயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதும், கோவிட்-19 மெஷ்ஷின் முதன்மைத் தலைப்பாக இடம்பெற்றது 2021 பதிப்பில்தான். இடைப்பட்ட காலத்தில் துணைப் பட்டியலும் இயற்சொல்லுமே கைகொடுத்தன. புதிய வேதிப்பொருள், புதிய நோய், புதிய கொள்கைச் சொல் எதுவானாலும் இந்த இடைவெளி இருக்கும்.

வட்டார வழக்கான திசைச்சொல்லின் நிலை இன்னும் கடினம். பழவேற்காட்டிலும் எண்ணூர்ப் பக்கத்திலும் மீனவர்கள் முறைவைத்து நீர்ப்பரப்பைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டைப் 'பாடு' என்கிறார்கள். எந்த நாட்டுப் பட்டியலிலும் அந்தச் சொல்லைத் தேடிப் பயனில்லை. ஆங்கிலக் கட்டுரைகளில் 'பாடு சிஸ்டம்' என்று ஒற்றை 'ஏ' இட்டும் இரட்டை 'ஏ' இட்டும் எழுதியிருப்பார்கள். அதை ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டு, மேலே ஏறவேண்டும். பாடு என்பது எதன் ஒரு வகை? சமூகம் தானே நடத்தும் மீன்வள மேலாண்மையின் ஒரு வகை. பொதுவளப் பகிர்வின் ஒரு வகை. வழக்காற்று உரிமையின் ஒரு வகை. இந்த மூன்று விடைகளும் மூன்று வெவ்வேறு தேடல்கள். மூன்றும் மூன்று வெவ்வேறு நிதியாளர்களிடம் கொண்டுபோய்விடும். 'இது எதன் ஒரு வகை?' என்ற கேள்வியை எங்கள் நூலகத் தேடல் தாளின் அடியில் அச்சிட்டே வைத்திருக்கிறோம்.

படி 8: அழைப்புகளின் மொழிக்கு மாறுதல்

வழங்கப்பட்ட திட்டங்களில் சொல் எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ, அழைப்புகளில் அவ்வளவு அகலமாக இருக்கும். எந்த அழைப்பும் எண்ணூர் என்றோ, சாம்பல் என்றோ, இறால் என்றோ எழுதாது. கடலோரத் தாங்குதிறன், சுற்றுச்சூழல் நலவாழ்வு, நீலப் பொருளாதாரம், காலநிலை நீதி, மனிதர், விலங்கு, சூழல் நலத்தை ஒன்றாகப் பார்க்கும் ஒன் ஹெல்த் என்றெல்லாம்தான் எழுதும். ஆகவே அழைப்புத் தரவுத்தளத்தில் மேற்சொற்களால் மட்டும் தேடுங்கள். பொருளை விடத் தகுதி, நாடு, கடைசித் தேதி, விண்ணப்ப நிலை ஆகிய வடிகட்டிகளே அங்கு அதிகம் உதவும். யார் விண்ணப்பிக்கலாம் என்ற வரியை ஒவ்வோர் அறிவிப்பிலும் அன்றைய நிலவரப்படி படித்தே ஆகவேண்டும். சென்ற ஆண்டு இருந்த தகுதி இந்த ஆண்டு இல்லாமற்போகலாம். வெளிநாட்டு நிதி என்றால், கல்லூரிக்கு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு இருக்கிறதா என்பதை முன்மொழிவு எழுதத் தொடங்கும் முன்பே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

அழைப்புக்கே ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பெயர். ஐரோப்பாவில் 'கால்', அமெரிக்காவில் 'நோட்டீஸ் ஆஃப் ஃபண்டிங் ஆப்பர்ச்சூனிட்டி', நம் நாட்டில் 'ஸ்கீம்'. இந்திய மருத்துவ ஆய்வுக் கழகம் 'எக்ஸ்ட்ராம்யூரல்' என்கிறது. இந்தியச் சமூக அறிவியல் ஆய்வுக் கழகம் 'மேஜர்', 'மைனர்' திட்டங்கள் என்கிறது. நம் நாட்டு அறிவிப்புகள் பலவும் பி.டி.எஃப். கோப்புகளாகவே வெளிவருவதால், பொதுத் தேடுபொறியில் தளத்தின் முகவரியையும் கோப்பு வகையையும் குறிப்பிட்டு இந்தச் சொற்களால் தேடுவதே பயன்தருகிறது. இங்கே பட்டியல்சொல் என்ற ஒன்று அநேகமாக இல்லை. அந்தந்த நிறுவனத்தின் அலுவலக வழக்கே பட்டியல்சொல்.

படி 9: நிதியாளரின் பெயரும் ஒரு சொல்தான்

டி.எஸ்.டி. என்று தேடினால் புதுதில்லியின் அறிவியல் தொழில்நுட்பத் துறையோடு, முன்பு அதே பெயரில் இயங்கிய தென்னாப்பிரிக்கத் துறையும் வரும். 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான எஸ்.இ.ஆர்.பி. எனும் அறிவியல் பொறியியல் ஆய்வு வாரியத்தின் இடத்தில், 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளை வந்திருக்கிறது. பழைய பதிவுகளுக்கு முந்தைய பெயரையும் புதியவற்றுக்குப் பிந்தைய பெயரையும் 'ஆர்' இட்டுத் தேடவேண்டும். ஆய்வுக் கட்டுரைகளுக்கு அடையாள எண் பதியும் கிராஸ்ரெஃப் நடத்தும் நிதியாளர் பதிவேடு, ஒரு நிறுவனத்தின் பல பெயர்களையும் ஓர் அடையாளத்தின் கீழ் கொண்டுவரும் பட்டியல்; சந்தேகம் வந்தால் அதில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 10: குறிப்பேடும் அறிவிப்பும்

ஒவ்வொரு தேடலையும் தேதி, தளம், இட்ட வரி, வந்த எண்ணிக்கை, எடுத்துக்கொண்ட பதிவு, புதிதாகக் கற்ற சொல் என்று ஆறு பத்திகளில் எழுதிவையுங்கள். சுழியம் வந்த தேடலையும் எழுதவேண்டும். அன்று மாணவியோடு தட்டிய அந்த வரியை நான் எழுதிவைத்திருந்தால், சில வாரங்கள் கழித்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எந்தச் சொல்லால் தவறியது என்பதை உடனே கண்டிருப்பேன். ஆறாவது பத்தியே நாளடைவில் துறைக்கான சொந்தச் சொற்களஞ்சியமாகிவிடும். எங்கள் விலங்கியல் துறையின் குறிப்பேடு இப்போது 40 பக்கத்தைத் தாண்டிவிட்டது.

நன்றாக அமைந்த தேடல் வரியைச் சேமித்து, புதிய பதிவு வந்தால் மின்னஞ்சல் வரும்படி அமைத்துக்கொள்ளும் வசதி உள்ள தளங்களில் அதைப் பயன்படுத்துங்கள். அதற்கு மாணவரின் சொந்த மின்னஞ்சலைக் கொடுக்காமல் துறையின் பொது மின்னஞ்சலைக் கொடுங்கள். எங்கள் கல்லூரியில் மூன்று ஆண்டுகளுக்கு முன் அமைத்த ஓர் அறிவிப்பு, படிப்பை முடித்து ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்ட ஒருவருக்கு இன்னும் வாரம் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறது. நிலக்கரிச் சாம்பல் என்று எதுவும் வந்தால் அவர்தான் எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பிவைக்கிறார்.